ஆடு குட்டி வீசினப்போ யாரும் வரலை

விலங்குகிட்ட இருந்து மனுஷனுக்கு நோய் தொத்துதுன்னா, கிராமத்தான் ஆடு மாட்டோட ஒட்டி வாழறதுதான் காரணம்னு பட்டணத்துல ஒரு தீர்மானமான எண்ணம் இருக்கு. ஆப்பிரிக்கான்னா கேக்கவே வேண்டாம். "அவங்க வாழ்ற வாழ்க்கைக்கு நோய் வராம என்ன செய்யும்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. வெள்ளாடு வளர்க்கிறவன்கிற முறையில எனக்கு இந்த வரி மேல கோபம் உண்டு. வெறும் கோபமா சொல்லாம, ஒரு நோயை எடுத்துக்கிட்டு விவரமாவே பேசுவோம்.

ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல். கென்யாவுல நைவாஷா ஏரிப் பக்கம் செம்மறிக் குட்டிகள் கொத்துக்கொத்தாச் செத்தப்போ ஆராய்ஞ்சு, 1931-ல் கண்டுபிடிச்சுச் சொன்ன வைரஸ் நோய். கிருமி ஈடிஸ் வகைக் கொசுவோட முட்டைக்குள்ளேயே இருக்கும். மழை இல்லாத வருஷங்கள்ல அந்த முட்டை தாழ்வான நிலத்து மண்ணுல காய்ஞ்சு கிடக்கும். பேய்மழை பெய்ஞ்சு பள்ளத்துல தண்ணி நின்னா பொரிக்கும். முதல்ல அடி வாங்கறது கால்நடை. செனையா இருக்கிற ஆடு, மாடு, ஒட்டகம் குட்டி வீசும். பிறந்த குட்டிகள் சாகும்.

அதுக்கப்புறம்தான் மனுஷன். வீசின குட்டியை இழுத்துப் போட்டவன், அறுத்தவன், ரத்தத்துல கை வச்சவன், கொசுக்கடி பட்டவன். பெரும்பாலானவங்களுக்குச் சாதாரணக் காய்ச்சலோட போயிடும். சிலருக்குக் கண்பார்வை போகும், மூளைக்காய்ச்சல் வரும், ரத்தம் கசிஞ்சு உயிரே போகும்.

இந்த வரிசையைக் கவனிங்க. மழை, கொசு, ஆடு, அப்புறம் மனுஷன். நடுவுல தடுக்கறதுக்கு நேரம் இருக்கு.

2006 கடைசியில வடகிழக்குக் கென்யாவுல பெருமழை. கரிசா பக்கத்துச் சோமாலி மேய்ப்பர்களுக்கு இந்த நோய் புதுசு இல்ல. மூக்குல ரத்தம் வர்றதைக் குறிக்கிற பேரே அவங்க மொழியில இதுக்கு உண்டு. வழக்கத்துக்கு மாறான மழை, மேகம் மாதிரி கொசு, அடுத்தடுத்து வீசற ஆடு, எல்லாத்தையும் அவங்க பார்த்தாங்க. மேல இருந்து நாசா விஞ்ஞானிகளும் செயற்கைக்கோள் படத்தை வச்சு ஆபத்து வருதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. ஆனா அரசாங்கம் பரபரப்பானது எப்போ? டிசம்பர்ல மனுஷங்க செத்த பிறகு. ஆட்டுக்குத் தடுப்பூசி போட ஆள் கிளம்பினதும் அதுக்குப் பிறகுதான். கென்யாவுல மட்டும் 150 பேருக்கு மேல போயிட்டாங்க.

இதுல யாரோட வாழ்க்கைமுறையைக் குத்தம் சொல்றீங்க?

அடுத்து நடந்ததுதான் இன்னும் கொடுமை. ஆடு அறுக்கத் தடை, சந்தை மூடல். நைரோபிக்காரன் ஒரு மாசம் கோழியோ மீனோ தின்னுக்கிட்டான். மேய்ப்பனுக்கு ஆடுதான் வங்கி, ஆடுதான் ரேஷன் கடை, ஆடுதான் பிள்ளையோட பள்ளிக்கூடக் கட்டணம். கடல் தாண்டியும் இதே கதை. 2000-ல் சவுதியிலயும் ஏமன்லயும் இந்த நோய் வந்ததும், ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியில இருந்து வர்ற உயிர் ஆடு மாட்டுக்குச் சவுதி தடை போட்டுது. ஹஜ் காலத்து ஏற்றுமதியை நம்பியிருந்த பெர்பெரா துறைமுகத்துக்காரங்க 2009 வரைக்கும் அதுல அடிபட்டாங்க.

இப்போ யோசிங்க. நோய்னு சொன்னா சந்தை மூடும், ஆடு விலை போகாது. சொல்லாம இருந்தா நாலு ஆட்டையாவது விக்கலாம். இப்படி ஒரு ஏற்பாட்டை வச்சுக்கிட்டு, "மேய்ப்பர்கள் நோயை மறைக்கிறார்கள்"னு அறிக்கை எழுதறது என்ன நியாயம்? உண்மையைச் சொல்றவன் வயித்துல அடிச்சா யார் வாயைத் திறப்பான்?

"பச்சைப்பால் குடிக்கிறாங்களே, செத்துப்போகப் போற ஆட்டை அறுத்துத் தின்றாங்களே, அது தப்பில்லையா?" ஆபத்துதான், மறுக்கலை. பாலைக் காய்ச்சிக் குடிக்கணும், நோய்ப்பட்ட ஆட்டை அறுக்கக் கூடாது, குட்டி எடுக்கறப்போ கையுறை போடணும். ஆனா விறகும் தண்ணியும் மைல் கணக்குல நடந்தாத்தான் கிடைக்கிற இடத்துல, அந்த ஆட்டுக்கு யாரும் காசு தரப் போறதில்லன்னு தெரிஞ்சவன்கிட்ட, ஒரு சுவரொட்டியை மட்டும் ஒட்டிட்டுப் போனா எப்படி? நானும் ராத்திரியில செனை ஆடு திணறினா வெறுங்கையைத்தான் உள்ள விடறேன். அந்த நேரத்துக்குக் கையுறையோட எந்த டாக்டர் வர்றார்?

மேய்ப்பர்களை நம்பினா காரியம் நடக்கும்கிறதுக்குச் சாட்சி இருக்கு. மாட்டு வெக்கை நோய் உலகத்துலயே இல்லைன்னு 2011-ல் அறிவிச்சாங்க. அது மனுஷனுக்குத் தொத்தாத நோய்தான், ஆனா பாடம் ஒண்ணுதான். எத்தியோப்பியாவோட அஃபார் பகுதி, தெற்கு சூடான் மாதிரி டாக்டரே போக முடியாத இடங்கள்ல, அந்தந்த ஊர் மேய்ப்பர்களுக்கே பயிற்சி கொடுத்து ஊசி போட வச்சாங்க. குளிர்பெட்டி இல்லாமலே சில வாரம் தாங்கற தடுப்பூசி அது. இப்போ "எப்படி வாழ்றாங்க பாரு"ன்னு நீங்க சொல்ற அதே ஆளுங்கதான் அந்த வேலையை முடிச்சது.

அதனால கேக்க வேண்டியது மூணுதான். மழை எச்சரிக்கை வந்த உடனே, ஆடு சாகறதுக்கு முன்னாடியே தடுப்பூசி. நோயை முதல்ல சொல்றவனுக்கு ஆட்டு விலை, கையில ரொக்கமா. மனுஷ ஆஸ்பத்திரியும் மாட்டு ஆஸ்பத்திரியும் அன்னன்னிக்கே ஒருத்தருக்கொருத்தர் தகவல் சொல்லிக்கிற ஏற்பாடு. இந்த மூணுக்கும் காசு இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு: 2006-07-ல் அந்தக் காய்ச்சலால கென்யாவுக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 3.2 கோடி டாலர்னு மதிப்பிட்டிருக்காங்க. காசு எப்படியும் போகத்தான் போகுது. ஆடு வீசறப்போ செலவு பண்றதா, ஆள் செத்த பிறகு செலவு பண்றதாங்கிறது மட்டும்தான் கேள்வி.