வழிகாட்டியா, வழித்துணையா?

ஆகஸ்டு மாதம் நெருங்கினால் வேளாங்கண்ணி நடைப்பயணக் குழுவொன்றின் அமைப்பாளர் நம் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவது வழக்கம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், மூட்டைகளைச் சுமக்க வேன், மூன்று வேளையும் உணவு, ஒலிபெருக்கியில் செபமாலை, இன்ன மணிக்கு இன்ன ஊர் என்ற அட்டவணை. இவற்றை ஞாயிறு திருப்பலியில் நாம் அறிவிக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். பல்லாண்டுகள் அறிவித்தோம், புறப்படும் நாளில் தீர்த்தம் தெளித்து ஆசியும் அளித்தோம். இவ்வாண்டு மறுத்துவிட்டோம். அதனால் எழுந்த முணுமுணுப்பு நம் செவிக்கும் எட்டியுள்ளதால் காரணத்தை எழுத்திலேயே வைக்கிறோம்.

சென்ற ஆண்டு நம் பங்கின் தாய் ஒருவர், மகனின் நோய் நீங்கியதற்கு நன்றியாக, நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டு அக்குழுவோடு சென்றார். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் பாதம் கொப்பளித்துவிட்டது. ஒரு நாள் ஓய்ந்திருந்தால் மீண்டும் நடந்திருப்பார். அட்டவணையில் அதற்கு இடமில்லை. வேனில் ஏற்றினார்கள். சீர்காழியும் தரங்கம்பாடியும் காரைக்காலும் சன்னலுக்கு வெளியே ஓடி மறைந்தன. திரும்பி வந்தவர் பல வாரங்கள் கழித்தே நம்மிடம் வாய் திறந்தார்: "சாமி, நான் போய்ச் சேந்துட்டேன், என் நேர்ச்சை கொள்ளிடத்துலயே நிக்குது." அந்தக் குழுவை ஆசீர்வதித்த கை நம்முடையது.

'பாதுகாப்பு வேண்டாமா?' என்று கேட்கிறார்கள். வேண்டும். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி கனரக வண்டிகள் விரையும் நெடுஞ்சாலை. ஆனால் அட்டவணையை எட்டிப்பிடிக்க இருட்டிலும் மக்களை நடத்துவது யார்? பின்னால் வரும் வண்டியின் ஒலியை அமுக்குவது எவருடைய ஒலிபெருக்கி? விடிந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஒதுங்கி, மாலையில் தொடர்ந்து, பொழுது சாயுமுன் தங்குகிற நான்கு பேர், எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்புறம் நடந்தால், பெருங்கூட்டத்தைவிட அதிகப் பாதுகாப்போடு இருப்பார்கள்.

கூட்டமே காவல் என்போர் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். பாஸ்கா விழா முடிந்து திரும்பும் பயணிகளிடையே சிறுவன் இயேசு இருப்பார் என்று எண்ணியே மரியாவும் யோசேப்பும் ஒருநாள் வழி நடந்துவிட்டனர். கூட்டம் பெரிதாக இருந்ததால்தான் இல்லாதவர் இல்லை என்பது தெரியாமற் போயிற்று. இருவராக வந்த வழியே திரும்பித் தேடியபோதுதான் அவரைக் கண்டடைந்தனர்.

இன்னொன்றும் உண்டு. திருப்பயணியைக் குறிக்கும் 'பெரெக்ரீனுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் முதற்பொருள் வேற்றூரான் என்பது. முன்பின் அறியாதவர் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டுக் குடிப்பவன் அவன். தரும கைகளில் கிறிஸ்துவைக் காண்கிறான். தருபவரும் அவனிடம் கிறிஸ்துவைக் காண்கிறார். எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு செல்பவருக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவர் ஊர்களைக் கடக்கிறார், ஊர்களுக்குள் வருவதில்லை.

குழுப்பயணமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முதன்முறை நடப்போரும், முதியோரும், உடல்நலம் குன்றியோரும் வழியறிந்தவரோடு செல்வதே முறை. ஆனால் அவரை நாம் தெரிந்தெடுக்கும் அளவுகோல் ஒன்றே: அவர் கடைசி ஆளோடு நடக்கிறாரா? நலிந்த ஒருவருக்காகக் குழு ஒரு நாள் நிற்குமா? ஆம் என்றால் அவர் வழித்துணை. தயங்காமல் அவரோடு செல்லுங்கள். இல்லையென்றால் அவர் பயண வணிகர். அவருக்குப் பீடத்திலிருந்து விளம்பரம் எதற்கு?

ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ நகருக்கான நெடும்பயணத்திலும் மூட்டை சுமக்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. ஆயினும் அங்கே தனித்து நடப்பவர் கைவிடப்படுவதில்லை. கிரஞோன் என்னும் சிற்றூரில் பங்கு ஆலயத்தோடு இணைந்த விடுதியில் கட்டணம் கிடையாது. இயன்றதைப் பெட்டியில் இடலாம். படுக்கத் தரைவிரிப்பு, பகிர்ந்துண்ண ஒரு மேசை, அவ்வளவுதான். நம் நெடுஞ்சாலையோரப் பங்குகளின் மண்டபங்களோ அந்நாள்களில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! பூட்டைத் திறக்காத நாம், மக்கள் வேனைத் தேடிப் போவதைக் குறை கூறலாகாது. இது உடன் குருக்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள். நமக்கே நாம் சொல்லிக்கொள்ளும் கண்டனமும்கூட.

அந்தத் தாய் இவ்வாண்டு கொள்ளிடம் பாலத்திலிருந்து தம் நேர்ச்சையைத் தொடர்கிறார். அண்டை வீட்டார் இருவர் உடன் வருகின்றனர். நான்காம் ஆளாக நாமும் நடக்கிறோம். எந்த நாளில் போய்ச் சேர்வோம் என்று கேட்காதீர்கள். அதை அவருடைய பாதங்கள் முடிவு செய்யும்.