தகுதி கேட்டவர்கள்

போர் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை வாளும் வேலும், கொடியும் முரசும்! படை நடத்தும் தளபதியின் கண்முன்னே நிற்பதோ மாவு மூட்டையும் வெடிமருந்துப் பெட்டியுமே. பல்லாயிரம் வீரர்க்கு நாள்தோறும் சோறு போட்டாக வேண்டும். ஆகவேதான் எதிரியின் படையோடு மோத இயலாதவன், அப்படைக்கு உணவு வரும் வழியைத் தேடிச் சென்று தாக்குகிறான். அப்படி நடந்த ஒரு சிறு தாக்குதலைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். சிறு சண்டைதான், விடியுமுன் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்த சண்டை. ஆனால், ஓர் இனத்தின் மானம் அன்று துலாக்கோலில் ஏற்றப்பட்டிருந்தது!

அமெரிக்க உள்நாட்டுப் போரின் மூன்றாம் ஆண்டு, 1863. மிசிசிப்பி ஆற்றின் கீழ்க்கரையில் விக்ஸ்பர்க் கோட்டை நகரம். அதைத் தளபதி கிராண்ட் மே மாதத்தில் முற்றுகையிட்டார். உள்ளே சிக்கியவர்கள் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலத்துப் படையினர். அவர்களை மீட்க வழியென்ன? ஆற்றின் மேற்குக்கரையில், லூயிசியானா மாநிலத்தில், மில்லிக்கன்ஸ் பெண்ட் என்றோர் ஊர். கிராண்டின் உணவுக் கிடங்குகள் அங்கேதான் இருந்தன. அதைப் பறித்துவிட்டால் முற்றுகை தளரும் என்று கருதி, ரிச்சர்டு டெய்லர் என்னும் தளபதியை ஏவினார்கள். இந்த டெய்லர் யார்? அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஒருவரின் மகன். கரும்புத் தோட்டமும் அதில் உழைக்க அடிமைகளும் வைத்திருந்த பெருநிலக்கிழார்!

வேடிக்கையைக் கேளுங்கள். கிராண்ட் அதற்குள் வேறு வழி கண்டுவிட்டார். விக்ஸ்பர்க்குக்கு வடக்கே யாசூ ஆற்றின் வழியாக அவருக்கு உணவு தடையின்றி வந்துகொண்டிருந்தது. அறுக்க வந்த கயிறு முன்பே கழற்றப்பட்ட கயிறு! இந்தப் பயணத்தில் டெய்லருக்கே நம்பிக்கை இல்லை. ஆயினும் மேலிடத்துக் கட்டளை.

சரி, கிடங்கைக் காத்து நின்றவர் யார்? பெரும்பாலோர் கறுப்பினத்தவர்; சில வாரங்களுக்குமுன் வரை பருத்திக் காட்டில் சவுக்கடி பட்டவர்கள். அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார். கறுப்பரையும் படையில் சேர்க்கலாம் என்றார். சேர்த்தார்கள். எப்படி? மட்டமான பழைய துப்பாக்கிகளைக் கொடுத்து! சிலர் கைக்கு அவை வந்து சில நாள்களே ஆகியிருந்தன. குறி பார்க்கவும் முறையாகக் கற்கவில்லை. ‘இவர்கள் மண் வெட்டுவர், மூட்டை சுமப்பர், போரிடுவரோ?’ என்று எள்ளி நகைத்தவர்கள் தென்னாட்டார் மட்டுமல்லர். விடுதலை தந்த வடநாட்டுப் படையிலேயே அந்தச் சிரிப்பு ஒலித்தது. பயிற்சியை மறுத்தவனே, பயிற்சி இல்லையே என்று பழிக்கிறான்! இந்த நியாயம் உலகின் பல மூலைகளில் பல மொழிகளில் பேசப்பட்டிருக்கிறது.

ஜூன் 7. பொழுது புலராத வேளை. மெக்கல்லக் என்பவரின் தலைமையில் டெக்சாஸ் படையினர் சுமார் 1,500 பேர் பாய்ந்து வந்தனர். எதிரே நின்றவர் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களோடு அயோவா மாநிலத்து வெள்ளையர் சிறு அணியொன்று. ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரைதான் அரண். அதன்மேல் பஞ்சுப் பொதிகள். முதுகொடியப் பறித்த பஞ்சு அன்றைக்கு மார்புக்குக் கவசமாயிற்று! ஒருமுறை சுட்டார்கள், மறுமுறை மருந்திட்டு நிரப்புமுன் பகைவர் கரைமேல் ஏறிவிட்டனர். பிறகு துப்பாக்கி முனை ஈட்டியால் குத்தினர்; கட்டையால் அடித்தனர்; கைகலந்தனர். அடியடியாகப் பின்வாங்கி ஆற்றோரத்து இரண்டாம் கரையை அடைந்தவர்கள், அங்கிருந்து அசையவில்லை. ஆற்றில் நின்ற ‘சாக்டா’ என்னும் பீரங்கிப் படகு முழங்கத் தொடங்கியது. ‘லெக்சிங்டன்’ என்ற மற்றொரு படகும் வந்தது. வந்தவர்கள் வந்த வழியே திரும்பினர்.

காத்து நின்றோரில் மாண்டவர், காயமுற்றவர், சிறைப்பட்டவர், காணாமற்போனவர் எல்லோருமாகச் சுமார் 650 பேர். பாதிக்கு மேல்! தாக்கியவர் இழப்பு 185 அளவில். கறுப்பர்கள் விடாப்பிடியாக எதிர்த்தனர் என்று மெக்கல்லக்கே தம் அறிக்கையில் எழுதினார். பகைவன் கை எழுதிய நற்சான்று! போர்த்துறையைச் சேர்ந்த சார்லஸ் டேனா, இந்த ஒரு சண்டை கறுப்பினப் படையைப் பற்றிய இராணுவத்தின் எண்ணத்தையே தலைகீழாக மாற்றிவிட்டது என்று குறித்திருக்கிறார்.

மாறியது நன்று. ஆனால் நண்பர்களே, நான் கேட்பது இதுதான்: மனிதன் மனிதன்தான் என்பதற்கு மரணமா சாட்சி சொல்ல வேண்டும்? அந்த மண்கரையில் அவர்கள் சாயாமல் ஓடியிருந்தால், சவுக்கடிக்கு உரியவர்களாகி விடுவார்களா? அயோவாக்காரரின் வீரத்தை யாரும் பரீட்சை வைத்துப் பார்க்கவில்லையே! பிறப்பிலேயே அவர்களுக்குச் சான்று வழங்கிவிட்டார்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தோற்றால் போர்க்கைதி என்ற மரியாதைகூடக் கறுப்பருக்கு இல்லை. அவர்களில் சிலர் பிடிபட்ட செய்தியறிந்த தென்னகத் தளபதி கர்பி ஸ்மித், உயிரோடு ஏன் பிடித்தீர்கள் என்னும் பொருள்படவே டெய்லருக்குக் கடிதம் எழுதினார்! இதை அறிந்தே அவர்கள் துப்பாக்கி தூக்கினர். வெள்ளை வீரன் பணயம் வைத்தது உயிரை. இவர்கள் வைத்தது உயிரோடு உரிமையையும்.

ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் சரணடைந்தது. வெற்றி விழா நடந்திருக்கும். கூலி என்ன தெரியுமா? வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10. அதிலும் உடைக்கென்று 3 பிடித்தம், கையில் 7. ஓராண்டு கழித்து, 1864 ஜூனில், சமசம்பளச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கோடு போட்டார்கள்: போர் தொடங்கிய 1861 ஏப்ரலில் சுதந்திர மனிதராக இருந்தவர்க்கே சேர்ந்த நாள் முதல் முழுப் பாக்கி; அப்போது அடிமையாய் இருந்தவர்க்கு 1864 ஜனவரி முதல்தான். மில்லிக்கன்ஸ் பெண்டில் நின்ற முன்னாள் அடிமைக்கு, 1863 ஜூன் மாதச் சம்பளம் அந்தச் சட்டப்படியும் ஏழு டாலர்தான்.