சேர்விஸ் செய்த பின்னும் கியர் துள்ளினால்...

"நேற்றுத்தான் காசு கொடுத்து சேர்விஸ் செய்தேன். இன்றைக்கு கியர் துள்ளுகிறது." சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் எவரும் இந்த முறைப்பாட்டைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. இதற்கு வழமையாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. ஒன்று, "இங்கிருந்து போகும்போது நன்றாகத்தானே இருந்தது." மற்றது, "இன்னும் கொஞ்சம் சாமான் மாற்ற வேண்டும்." இரண்டுமே வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்பி வைக்கும் பதில்கள்.

உதிரிப்பாகம் விற்பவன் என்ற வகையில் திருத்துபவரையும் எனக்குத் தெரியும், சைக்கிள்காரரையும் தெரியும். சேர்விஸ் செய்த கியர் சைக்கிளைச் சில நாட்களின் பின் இன்னொரு முறை சரிபார்த்துக் கொடுப்பது உபகாரம் அல்ல. வாங்கிய கூலிக்குள் அடங்கிய வேலை என்பதே எனது கருத்து. அதேவேளை எல்லாப் பழுதையும் கடைக்காரரின் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. எது யாருடைய பொறுப்பு என்று பிரிக்க வேண்டுமானால், கோளாறு எங்கிருந்து வருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

அந்தக் காலத்து கியர் பிடியில் 'டிக்' சத்தம் கிடையாது. ஓட்டுபவரே கையால் கூட்டிக் குறைத்து இடம் பிடிப்பார். 1984இல் ஷிமானோ நிறுவனம் 'டிக், டிக்' என்று படிப்படியாக மாறும் முறையைக் கொண்டு வந்தது. பின்னர் அதுவே பொதுவாயிற்று. இதில் ஒவ்வொரு டிக்குக்கும் வயர் இழுபடும் அளவு நிர்ணயிக்கப்பட்டது. வயர் சற்றுத் தளர்ந்தாலும் செயின் உரிய பல்லில் உட்காராது.

புது வயர் போட்டால் அது தளரவே செய்யும். வயர் நீண்டு விட்டது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது, வெளி உறையின் முனைகள் தத்தமது இடத்தில் இறுகி அமர்வதுதான். சிறிய பல்லிலிருந்து பெரிய பல்லுக்குச் செயின் ஏறத் தயங்கினால் வயர் தளர்வு என்று கொள்ளலாம். வயரின் முனையிலுள்ள சிறு உருளைத் திருகை அரைச் சுற்று வெளிப்பக்கமாகத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மாறாக, பெரிய பல்லிலிருந்து இறங்கத் தயங்கினால் வயர் கூடுதலாக இறுகியிருக்கிறது, அல்லது உறைக்குள் துருவும் அழுக்கும் இருக்கிறது. இவை கடைக்காரரின் பொறுப்பு. கூலி கேட்கக் கூடாது.

இரண்டாவது வகை, மிதிக்கும்போது மட்டும் துள்ளுவது. மேட்டில் ஏறும்போது 'கடக்' என்று நழுவும். அதுவும் அடிக்கடி பாவிக்கும் ஓரிரு பற்களில் மட்டும். இது தேய்ந்த பற்களின் மேல் புதுச் செயின் போட்டதன் விளைவு. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். பழைய செயின் அதைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின்பற்களும் அநேகமாகப் போயிருக்கும். ஓர் அடிமட்டம் போதும் இதைப் பார்ப்பதற்கு. அளந்து, "செயின் மட்டும் மாற்றினால் துள்ளும், இரண்டையும் மாற்ற இவ்வளவு செலவாகும்" என்று வேலைக்கு முன்னரே சொன்னவர் மீது குறை கிடையாது. வேலை முடிந்த பின் சொல்பவர் உண்மையே பேசினாலும் அது சாக்குப்போக்காகவே தெரியும்.

மூன்றாவது, பின் கியர் மாற்றி தொங்கும் தகடு வளைந்திருப்பது. வலப்பக்கமாக ஒரு முறை விழுந்தால் போதும். கடையில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தாலும் வளையும். எத்தனை முறை திருகினாலும் ஒரு பல்லில் சரிவந்து மறு பல்லில் பிழைக்கும். வளைந்தது கடையிலா, வீட்டிலா என்ற வாக்குவாதம் வராதிருக்க, பொறுப்பேற்கும்போதே இருவரும் பின்னால் நின்று ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள். பொறுப்பேற்ற சாமான் நம்மிடமுள்ள அமானிதம்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. பெரிய பல்லுக்கு மாறும்போது செயின் சில்லின் கம்பிப் பக்கம் போனால் உடனே இறங்கிவிட வேண்டும். எல்லைத் திருகு பிழைத்திருக்கிறது. செயின் கம்பிக்குள் சிக்கினால் சில்லு இறுகி ஓட்டுபவர் விழுவார்.

நமது கடைகளில் சைக்கிளைத் தூக்கி வைத்து, கையால் மிதியைச் சுற்றி, "சரி" என்கிறோம். அதில் ஆளின் பாரம் இல்லை. பாரமில்லாமல் துள்ளல் தெரியாது. ஒப்படைக்க முன் ஒருவர் ஏறி ஓட்டி, எல்லா கியரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும். சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும் என்ற உத்தரவாதமும், எழுதாவிட்டாலும் உண்டு. ஆகவே பில்லிலேயே மூன்று வரி எழுதுங்கள்: என்ன மாற்றினோம், என்ன மாற்றச் சொல்லியும் அவர் வேண்டாம் என்றார், எத்தனை நாட்களுக்குள் வந்தால் கியரை இலவசமாகச் சரிசெய்து தருவோம். கழற்றிய பழைய சாமானையும் கையில் கொடுங்கள்.

வாடிக்கையாளருக்கும் ஒரு சொல். வீட்டில் கண்ட திருகையெல்லாம் திருப்பிவிட்டு வராதீர்கள். எந்தப் பல்லில், ஏறும்போதா இறங்கும்போதா, மிதிக்கும்போதா சும்மா சுற்றும்போதா என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் வீதிக்கு வந்தன. திருத்தும் கடைகளுக்கு ஓய்வே இருக்கவில்லை. அப்போது வந்தவர்கள் வேறு வழியின்றி வந்தார்கள். இன்று வருபவர்கள் விரும்பி வர வேண்டும். "துள்ளினால் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்" என்று முதல் நாளே சொல்லும் கடைக்கு அவர்கள் வருவார்கள். பக்கத்து வீட்டாரையும் அனுப்புவார்கள்.