சுவரோரத்துக் குவியல்

கோவை மாநகரின் ஓரத்தில் நமக்கு அறிமுகமான சிறு பட்டறை ஒன்று உண்டு. நீரிறைக்கும் பம்புகளின் இரும்பு உடல்களுக்குப் பெயிண்ட் தெளித்துக் கொடுப்பது அங்கு நடைபெறும் தொழில். ஒருமுறை அங்குச் சென்றிருந்தபோது, பின்சுவரோரத்தில் இடுப்பளவு உயர்ந்து நின்ற குவியல் ஒன்றைக் கண்டோம். அத்தனையும் பெயிண்ட் ஊறி இறுகிப்போன கண்ணாடியிழை மெத்தைகள்.

"பூத்தில் போட்ட பழைய ஃபில்டர்கள், சாமி. சனிக்கிழமை தவறாமல் மாற்றிவிடுவோம். சேர்ந்ததும் கொளுத்திவிடுவோம்" என்றார் உரிமையாளர்.

அந்தப் புகை அடுத்த தெருக் குழந்தைகளின் மூச்சில் கலக்குமே என்று எண்ணி, "இக்கழிவைக் குறைக்க வழி தேடுங்கள்" என்று சொல்லி வந்தோம். மறுமாதம் சென்றபோது குவியல் பாதியாகக் குறைந்திருந்தது. மகிழ்ந்தோம். ஆனால் பூத்தின் உள்ளே நோக்கியபோது மகிழ்ச்சி மறைந்தது. பெயிண்ட் மூடுபனிபோல் நின்றது. தெளித்துக்கொண்டிருந்த இளைஞர் இருமிக்கொண்டே இருந்தார். வாரம் ஒருமுறை மாற்றிய வடிகட்டியை உரிமையாளர் இரு வாரத்துக்கு ஒருமுறை மாற்றத் தொடங்கியிருந்தார். குவியலில் குறைந்தது அந்த இளைஞரின் நெஞ்சில் கூடியிருந்தது. விவரமறியாமல் நாம் சொன்ன அறிவுரைக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே விவரத்தை அறிந்துகொள்ள முயன்றோம். அறிந்தவற்றை வாசகர்முன் வைக்கிறோம்.

பெயிண்ட் பூத் என்பது காற்று இடைவிடாது ஓடும் ஓர் அறை. பொருளின்மீது படாமல் சிதறும் துளிகளை அக்காற்று அள்ளிச் செல்கிறது. வெளியேறும் வாயிலில் வடிகட்டி நின்று அத்துளிகளைப் பிடித்துக்கொள்ள, காற்று மட்டும் விசிறியின் வழியே வெளியே போகிறது. வடிகட்டி நிறைந்துவிட்டால் காற்றோட்டம் தளர்கிறது. துளிகள் தெளிப்பவரைச் சுற்றியே நிற்கின்றன. இரு பொருள்களைக் கலந்து தெளிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டாயின் தீங்கு இன்னும் பெரிது. அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது.

அப்படியானால் கழிவைக் குறைப்பது எங்ஙனம்? கழிவு பிறக்குமிடம் வடிகட்டியன்று, தெளிக்கும் துப்பாக்கியே. ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய வகைத் துப்பாக்கியில், காய்ந்து படியக்கூடிய பெயிண்ட் 10 கிலோ தெளித்தால் 4 கிலோ பொருளில் படிகிறது என்று கொள்வோம். மீதி 6 கிலோ வீண். மிகுந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தும் எச்.வி.எல்.பி. துப்பாக்கி 65 விழுக்காட்டைப் பொருளில் சேர்க்குமாயின், அதே 4 கிலோ படிவதற்கு 6 கிலோவுக்குச் சற்று மேல் தெளித்தால் போதும். வீணாவது 2 கிலோவை ஒட்டியே இருக்கும். வடிகட்டியின் சுமை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. பெயிண்ட் செலவும் குறைகிறது.

கருவி மட்டும் போதாது. கையும் பழக வேண்டும். துப்பாக்கியைப் பொருளிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத் தொலைவில் நேராகப் பிடித்தல், விசிறுவதுபோல் வளைத்து வீசாதிருத்தல், பொருளின் விளிம்பைக் கடந்ததும் விசையை விடுதல் ஆகியவை சிறு பழக்கங்களே. ஆயினும் இவற்றின் பயன் பெரிது. அமெரிக்க அரசு 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட விதியொன்று, ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்த பெயிண்டைத் தெளிக்கும் பட்டறைகளின் வடிகட்டிகள் சிதறலில் 98 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்கிறது. அதே விதி தெளிப்பவருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இரண்டையும் ஒன்றாகச் சொன்னதில் பொருள் உண்டு.

அடுத்தது வடிகட்டியின் ஆயுள். மடிப்பு மடிப்பாய் அமைந்த காகித அட்டை வடிகட்டிகள் உள்ளன. அவற்றுள் காற்று வளைந்து திரும்பும்போது, கனத்த துளிகள் திரும்ப இயலாமல் அட்டையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. இவற்றை முன்னேயும் நுண்ணிய மெத்தையைப் பின்னேயும் வைத்தால், பெருஞ்சுமையை முன்னது தாங்க, பின்னது நெடுநாள் உழைக்கும். உலோகச் சட்டத்தை வைத்துக்கொண்டு மெத்தையை மட்டும் மாற்றுவதும் நன்று. ஆனால் உலோக வடிகட்டியைத் தின்னரில் கழுவிக் கழுவிப் பயன்படுத்துவதைச் சிக்கனம் என்று எண்ணிவிடலாகாது. அங்கே கழிவு குறையவில்லை. திரவமாக உருமாறுகிறது, அவ்வளவே.

மாற்றும் நாளை யார் குறிப்பது? நாட்காட்டியன்று, அழுத்தமானி. வடிகட்டியின் இருபுறமும் உள்ள காற்றழுத்த வேறுபாட்டை அது காட்டும். அவ்வேறுபாடு வடிகட்டி செய்தவர் குறித்த அளவை எட்டியதும் மாற்ற வேண்டும். அதற்கு முன் மாற்றினால் வடிகட்டி வீண். அதற்குப் பின் மாற்றினால் ஆள் வீண்.

எவ்வளவு குறைத்தாலும் சிறிது கழிவு எஞ்சவே செய்யும். அதைக் கொளுத்துதல் தகாது. எண்ணெய் சேர்ந்த சிலவகைப் பெயிண்ட் ஊறிய மெத்தைகள், குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றக் கூடியவை. ஆகவே கழற்றியவுடன் நீர் நிறைந்த இரும்புப் பீப்பாயில் அவற்றை இடுவது பாதுகாப்பான வழக்கம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் இத்தகைய கழிவை 90 நாட்களுக்கு மேல் பொதுவாகத் தேக்கி வைக்க இடந்தருவதில்லை. ஒப்புதல் பெற்ற இடத்துக்கே அதை அனுப்ப வேண்டும். அவ்விதிகள் கூறும் வரிசையும் கருதத்தக்கது. முதலில் கழிவு தோன்றாமல் தடுத்தல், பின்பு குறைத்தல், அதன்பின் மறுபயன். பாதுகாப்பாக அகற்றுதல் கடைசியில்தான் வருகிறது.

இவற்றையெல்லாம் அந்த உரிமையாளரிடம் கூறி, முன்பு அரைகுறையாய்ப் பேசியதற்கு வருத்தமும் தெரிவித்தோம். இன்று அவர் பூத்தின் சுவரில் அழுத்தமானி ஒன்று தொங்குகிறது. புதிய துப்பாக்கி ஒன்றும் வாங்கியிருக்கிறார். சில வேளை வடிகட்டி பத்து நாள் தாங்குகிறது. வேலை குவிந்தால் நான்காம் நாளே மாற்றவேண்டியிருக்கிறது. "மானியைப் பார்ப்பது யார்?" என்று கேட்டோம். இருமிக்கொண்டிருந்த அந்த இளைஞரைச் சுட்டிக்காட்டினார். "அவன் மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவேன், சாமி" என்றார்.

பின்சுவரோரத்தில் இப்போது மூடியிட்ட பீப்பாய் ஒன்றே நிற்கிறது. சிக்கனம் எங்கும் நற்பண்பே. ஆயினும் ஒரு பட்டறையில், ஓர் இல்லத்தில், எதையேனும் மிச்சப்படுத்தியதாக நாம் மகிழும்போது, அதன் விலையை வேறெவரும் செலுத்தவில்லையே என்று ஒருமுறை உள்ளே சென்று பார்த்துவிடுவது நலம்.