தர்மமா? உரிமையா?

ஒரு தேசம் மற்றொரு தேசத்துக்குச் செய்யும் உதவியின் யோக்கியதை கொள்ளை நோய்க் காலத்தில்தான் வெளியாகின்றது. குரும்பலூர் போன்ற ஊர்களில் வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிட்டுப் பிழைக்கும் தோழர்கள், "இது ஏதோ சீமைச் சங்கதி, நமக்கென்ன?" என்று இருந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

2021 ஜனவரியில் இந்திய சர்க்கார் இலங்கைக்கு 5 லட்சம் கொரோனா தடுப்பூசி மருந்தை இனாமாகக் கொடுத்தது. நல்ல காரியந்தான். ஆனால் இங்கு நோய் இரண்டாம் முறை தலைவிரித்தாடியதும், ஏப்ரலுக்குள் ஏற்றுமதி ஏறக்குறைய நின்று போயிற்று. முதல் ஊசி போட்டுக்கொண்ட இலங்கை மக்கள் லட்சக்கணக்கானோர், ஜூலை கடைசியில் ஜப்பான் கொடுத்த மருந்து வந்து சேரும்வரை இரண்டாவது ஊசிக்குக் காத்துக் கிடந்தார்கள்.

2018இல் கேரள வெள்ளத்தின்போது அன்னிய சர்க்கார்களின் உதவி வேண்டாமென்ற இந்திய சர்க்காரே, 2021 ஏப்ரல் கடைசியில் பிராணவாயுக் கருவிகளை அன்னியரிடம் பெற வேண்டியதாயிற்று. கொடுத்த கை மூன்றே மாதத்தில் ஏந்தும் கையாயிற்று!

பிரிட்டனோ, தேச வருமானம் நூறு பவுனுக்கு 70 பென்ஸ் ஏழை நாடுகளுக்குக் கொடுப்பதென்று 2015இல் சட்டமே செய்திருந்தது. கொரோனாவால் கடன் பெருகிவிட்டதென்று சொல்லி, 2021இல் அதை 50 பென்ஸாகக் குறைத்துவிட்டது.

"தன் வீட்டில் சாவு விழும்போது பக்கத்து வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். நாம் சொல்லுவதும் அதுதான். மிராசுதார் வைக்கும் கஞ்சித்தொட்டி, அவர் குதிர் நிறைந்திருக்கும் வரையில்தான். கொள்ளை நோயோ கொடுப்பவனையும் வாங்குபவனையும் ஒருங்கே பிடிக்கின்றது. ஆகவே, உதவி மிக அவசியமாகும் நாளிலேயே அது வற்றிப்போகின்றது.

பின் என்ன வழி? மருந்து செய்யும் உரிமையும் சக்தியும் எல்லா மக்களுக்கும் வேண்டும். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும், கொரோனா மருந்துகளுக்கு மட்டுமாவது காப்புரிமையை நிறுத்தி வையுங்கள் என்று உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கேட்டன. பணக்கார தேசங்கள் இழுத்தடித்தன. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டுமான அரைகுறைச் சலுகையே.

அன்னியரை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன? நமது செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பூசித் தொழிற்சாலை, 2021இல் ஜனங்கள் ஊசிக்கு அலைந்தபோது ஒரு ஊசி மருந்தும் செய்யாமல் சும்மா கிடந்ததே, இது யார் குற்றம்?

தோழர்களே! ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களிடம், "எங்கிருந்து உதவி வாங்கித் தருவாய்?" என்று கேட்காதீர்கள். "அந்தத் தொழிற்சாலையை எதற்காகச் சும்மா போட்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள்.