கையைக் குறைசொல்லுமுன் கம்பியைப் பாருங்கள்

பேனா கடையும் சிறிய மரக் கடைசல் இயந்திரத்தில் வேலை பிழைத்தால், முதற் பழி பழகுபவரின் கைமேல்தான் விழுகிறது. இது அநியாயம் என்பது எமது கருத்து. தண்ணீர்ப் பம்பையும் எஞ்சினையும் நேர்பார்த்து இருத்தாமல், பெல்ற் கழருகிறதென்று இறைப்பவரை ஏசுவது போன்றதே இது.

எமது பட்டறையில் ஓர் இளைஞர் பூவரசிலும் பனை வைரத்திலும் பன்னிரண்டு பேனாக்கள் கடைந்தார். கடைக்காரர் பன்னிரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். மரமும் உலோகமும் சேருமிடத்தில் ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் நகம் தடக்கியது. "தம்பி, உம்மட கை நடுங்குது" என்றார் பழக்கியவர். "இல்லை அண்ணை, கை நடுங்கினா சுத்திவரவெல்லோ பிழைக்கும்" என்றார் இளைஞர். நாமும் பழக்கியவர் பக்கமே நின்று, மரத்தின் விலையை இளைஞரின் கணக்கில் கழித்தோம்.

இளைஞர் சொன்னதே சரி. சுழல்வது மரம், உளியல்ல. கை பிசகினால் பள்ளம் சுற்றிவர விழும். ஒரு பக்கம் மட்டும் தடித்தால் மரம் தன் நடுவில் சுழலவில்லை என்பதே பொருள்.

காரணத்தைப் பலர் இயந்திரத்திலேயே தேடுகிறார்கள். நாம் முதலில் பார்க்கச் சொல்வது கம்பியை. சாதாரண மெல்லிய பேனாவுக்கு மரத்துண்டில் 7 மில்லிமீற்றர் துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, அதனிலும் மெல்லிய உருக்குக் கம்பியில் கோத்து, இரு அந்தத்திலும் புஷ் வைத்து நட்டால் இறுக்குகிறோம். பலங்கொண்டு இறுக்கினால் கம்பி வில்லாக வளையும். எதிரே தாங்கும் வால்பக்க முனையை அளவுக்கு மிஞ்சி நெருக்கினாலும் அப்படியே. முனை கம்பியோடு சேர்ந்து சுழலும் அளவு அழுத்தம் போதும். மரத்துண்டின் அந்தம் குழாய்க்குச் செங்குத்தாக வெட்டப்படாவிட்டால், இறுக்கும்போது புஷ் சரிந்து கம்பியையும் வளைக்கும். இதைக் கவனிப்போர் குறைவு. மண்தாள் பட்டுத் தேய்ந்த புஷ்ஷும் ஏமாற்றும்.

கம்பியைக் கழற்றிக் கண்ணாடித் துண்டொன்றில் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் அது வளைந்த கம்பி. சுத்தியலால் தட்டி நேராக்க முயலாமல் மாற்றிவிடுங்கள். எம்முடையதும் வளைந்தே இருந்தது.

கம்பி நேரென்றால் அடுத்தது இயந்திரம். மின்னிணைப்பைக் கழற்றுங்கள். முனைகள் செருகும் கூம்புத் துளைகளைத் தடியில் சுற்றிய துணியால் துடையுங்கள். ஒரு மரத்தூள் இருந்தாலும் முனை சரியும். இரு பக்கமும் கூர்முனைகளைச் செருகி, மோட்டர்ப் பக்க முனையைக் கையால் சுற்றுங்கள். அது வட்டமிட்டு ஆடினால் குற்றம் முனையிலோ துளையிலோ தண்டிலோ இருக்கிறது; வால்பக்கத்தைத் தொடவேண்டாம். ஆடாவிட்டால், இரண்டையும் ஒட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து, வால்பக்கத்தைப் பூட்டி, மேலிருந்தும் பக்கவாட்டிலும் பாருங்கள். பூட்டும்போதே விலகுவதும் உண்டு. அப்படியானால் பூட்டும் ஒவ்வொரு முறையும் அதை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். பின் வால்பக்க உள்தண்டை வெளியே நீட்டி மீண்டும் பாருங்கள். முன்பு சேர்ந்த முனைகள் இப்போது சேராவிட்டால் தண்டு சரிந்து நிற்கிறது.

இடம் மாறி மாறிப் பட்டறை போடும் எம்மவர்க்கு இன்னொரு தொல்லை. சமனில்லாத மேசையில் போல்ற்றுகளை இறுக்கினால் இயந்திரத்தின் படுக்கையே முறுகும். எல்லாவற்றையும் தளர்த்தி, எந்தக் கால் தூக்கி நிற்கிறதென்று பார்த்து அதன்கீழ்த் தகடு வையுங்கள். சோடா ரின்னில் வெட்டிய தகடு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முனை தாழ்ந்த பக்கத்தை உயர்த்தவும் இதுவே உதவும். அரத்தை மட்டும் எடுக்காதீர்கள். அராவியதை யாரால் ஒட்டமுடியும்?

சுயதொழிலுக்கென்று இயந்திரம் தருவோரிடம் இரண்டு கூர்முனைகள், மேலதிகக் கம்பி ஒன்று, கண்ணாடித் துண்டு ஒன்று, நேர்பார்க்கப் பழக்கும் ஒரு நாள் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். இவை தராத இடத்தில், பேனா திரும்பி வந்ததென்று கூலியில் கழிக்க இணங்காதீர்கள்.

அந்த இளைஞரிடம் கழித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். புதுக் கம்பியில் அவர் கடைந்த பேனாக்களைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.