ஐ7 ஜி, ஃபுல் கேமிங் ஜி!

பதினெட்டு வருஷமா தில்லியில பொட்டி தட்டித்தான் சோறு சாப்பிடுறேன். அப்பேர்ப்பட்ட எனக்கே நேரு பிளேஸ்ல ஒரு கடைக்காரர் மொட்டை போட்டு, சந்தனமும் தடவி அனுப்பினார். அந்த வயித்தெரிச்சல்தான் இது. நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

பத்தாவது முடிச்ச மக, கேம் ஆடுறமாதிரி ஒரு கம்ப்யூட்டர் கேட்டா. கூட்டிட்டுப் போனேன். கடைக்காரர் அவளைத் தாண்டி என் எட்டு வயசுப் பையனைப் பாத்து, "பேட்டாவுக்கா ஜி?"ன்னு ஆரம்பிச்சப்பவே திரும்பியிருக்கணும். கண்ணாடி டப்பா, உள்ளே நாலு ஃபேன், நாலும் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி கலர் கலரா எரியுது. "ஐ7 ஜி, 16 ஜிபி ஜி, 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு ஜி." 34 ஆயிரம். "பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி கூட வரும்"னார். மிச்சம்னு நெனச்சு பில் வேணாம்னுட்டேன். ஆபீஸ்ல பேங்க் சாஃப்ட்வேர் எழுதுறவன் நான். பொட்டியோட மூடியைக் கழட்டிப் பாத்ததே கிடையாது.

மக பாத்தா, ரெண்டாம் நாளே. அது 2013ல வந்த நாலாம் தலைமுறை ஐ7. எங்கேயோ ஆபீஸ்ல ஓஞ்சுபோய்க் கழட்டினது. 2022ல வந்த ஐ3 12100 அதை ஓரங்கட்டிடும். விண்டோஸ் 11 இதுல போடலாம்னு மைக்ரோசாஃப்ட் ஒத்துக்காது. விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. கார்டு ஜிடி 730, பொறந்தது 2014ல. அந்த 4 ஜிபி இருக்கே, அது மொட்டை மாடியில பெரிய டேங்க் கட்டிட்டு கீழே பென்சில் தடிமன்ல குழாய் விட்ட கதை. டேங்க் அளவைச் சொல்லி விக்கிறாங்க, குழாயைப் பத்திப் பேச்சே இல்ல.

அதையும் பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாதது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோட ஃப்ரீயா வந்தது. மேலே 500 வாட்னு ஸ்டிக்கர், கையில தூக்கினா காலி டிஃபன் பாக்ஸ் கனம். எட்டாவது மாசம், ஜூன் வெயில்ல, ஒரு நாள் பட்டுனு ஒரு சத்தம், கூடவே கருகல் வாசனை. மதர்போர்டையும் கூட்டிக்கிட்டே போய்ச் சேந்துச்சு. கடைக்காரர் சொன்ன பதில்: "ஆப்கே கர் கா வோல்டேஜ் கராப் ஹை ஜி." பில் இல்லாதவன் என்ன பேச முடியும்?

தங்கமணி அப்பவே, "விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?"ன்னாங்க. நம்ம தமிழ்க் குடும்பங்க பலதுல இதே பேச்சுதான். ஆனா "படிப்புக்கு"ன்னு சொன்னா 80 ஆயிரத்துக்கு லேப்டாப் வாங்க யோசிக்கவே மாட்டோம். அதுல கிராஃபிக்ஸ் சிப் போர்டோட ஒட்டினது. போனா மொத்தமா போச்சு. பாகம் பாகமா வாங்கினதுல போனது ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதும். கேம் ஓடுற பொட்டியில கணக்குப் பாடம் ஓடாதுன்னு யாருங்க சொன்னது?

ரெண்டாவது தடவை மகளே லிஸ்ட் போட்டா. பணத்துல பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு: ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 132 வாட்தான் இழுக்கும், தில்லி வெயிலுக்கு அதுவே பெரிய புண்ணியம். ப்ராஸசர் ரைசன் 5 5600. ஆறு கோர், கூலர் அந்த டப்பாவுலயே வருது, தனியா வாங்க வேண்டாம். ரேம் 8 ஜிபியா ரெண்டு. ஒரே 16 ஜிபி குச்சியா போட்டா மெமரிக்குப் போற ரெண்டு பாதையில ஒண்ணு சும்மா கிடக்கும். 2025 கடைசியில ஏஐ கம்பெனிங்க மெமரியை அள்ளிட்டுப் போக, ரேம் விலை எகிறிடுச்சு. வீட்டுல பழைய டிடிஆர்4 ரேம் கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, இந்தப் போர்டுக்கு ஆகும். எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், பேர் தெரிஞ்ச கம்பெனி. கேபினெட் முன்பக்கம் கண்ணாடி இல்ல, காத்து போற வலை. லைட்டு? ஒண்ணுகூட இல்ல.

முன்ன கொடுத்ததைவிட 20 ஆயிரம் கூட ஆச்சு. ஆனா ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் நம்பர் போட்ட பில் கையில இருக்கு. ப்ராஸசர், கார்டுக்கெல்லாம் பொதுவா மூணு வருஷ வாரண்டி. அந்த 18 பர்சென்ட்ல வாங்குறது அதைத்தான். மாடல் நம்பர் எழுத மாட்டேன்னு சொல்ற கடையில ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க. "சப் ஸேம் ஹை ஜி"ன்னு சிரிப்பாங்க. ஸேம்னா எழுதிக் கொடுக்க என்ன கஷ்டமாம்?

இந்தப் புதுக் கடையிலயும் கடைசியா கேபினெட்டோட ஒரு ஃப்ரீ எஸ்எம்பிஎஸ் நீட்டினாங்க. மக ஒரு கையால தூக்கிப் பாத்துட்டு, "வேண்டாம் அங்கிள், நீங்களே வச்சுக்கோங்க"ன்னு மேஜை மேலயே வச்சுட்டு வந்துட்டா.